பொம்மை வீட்டுக்குள் பண்டிகை: பாலிமர் களிமண் நுண்பொருள்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் அழகியமண்டபத்துக்கும் இடையில் இருக்கிறது என் வீடு. ஆவணியில் ஓணம், புரட்டாசியில் நவராத்திரி, மார்கழியில் கிறிஸ்துமஸ், தையில் பொங்கல் என்று ஆண்டின் பின்பாதி முழுவதும் எங்கள் பக்கம் பண்டிகைதான். அந்தப் பண்டிகைகளின் சமையலையும் பூக்களத்தையும் குடிலையும் விரல் நுனி அளவில் செய்து பொம்மை வீட்டுக்குள் வைப்பது என் வேலை. சனிக்கிழமை மாலைகளில் தெருப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் என் திண்ணையில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்கள். பாறசாலையிலிருந்து பஸ் ஏறி வருபவர்களும் உண்டு.

வருகிறவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். கேட்டவர்களின் வாய்மொழியை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் முதலிலிருந்து படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் மேல்தான் நிற்கின்றன.

"அக்கா, இது களிமண்தானா? வெயிலில் காய வைத்தால் போதாதா?"

குளத்திலோ வயலிலோ எடுத்த மண் இதில் ஒரு துளியும் கிடையாது. தண்ணீர்க் குழாய் செய்கிறார்களே பி.வி.சி., அதே பிளாஸ்டிக்கின் நுண்ணிய பொடி, அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவம், நிறமி, இவை சேர்ந்த பிசைவுதான் பாலிமர் களிமண். தண்ணீர் இல்லாததால் காய்வதற்கு அதில் எதுவும் இல்லை. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்தாலும் இன்னும் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். மூடிய மின்னடுப்பின் (ஓவன்) சூட்டில்தான் பொடி அந்தத் திரவத்தை உள்ளிழுத்து, ஒன்றோடொன்று இணைந்து கெட்டியாகிறது.

இந்தக் களிமண் பொம்மைக்காரர்கள் வீட்டிலேயே வளர்ந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஜெர்மனியில் துணிப் பொம்மைகளுக்குப் புகழ்பெற்ற கேத்தே குரூஸின் மகள் ஃபிஃபி, பொம்மைத் தலைகள் செய்ய ஏற்ற பொருளைத் தேடித் தன் கையால் உருவாக்கிய கலவை அது. 1964இல் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் அதை வாங்கியது. இன்று ஃபிமோ என்ற பெயரில் கடையில் கிடைப்பது அதன் வழித்தோன்றல்தான்.

"கடையில் காற்றிலேயே காயும் களிமண் மலிவாகக் கிடைக்கிறதே, அது ஆகாதா?"

சில வேலைகளுக்கு ஆகும். குடிலின் பாறைகள், மண் சுவர், கிணற்றுக் கட்டு போன்ற பெரிய உருப்படிகளுக்கு நானே அதைத்தான் பயன்படுத்துகிறேன். சோளமாவையும் வெள்ளைப் பசையையும் சேர்த்துக் கிளறிச் செய்யும் மாவு, மெல்லிய பூவிதழ்களுக்கு நன்றாக வரும்.

ஆனால் இவையெல்லாம் தண்ணீர் வற்றிக் கெட்டியாகிறவை. வற்றும்போது சுருங்கும், சில சமயம் வெடிக்கும். ஒரு சென்டிமீட்டர் தேங்காயில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியும். மேலும் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கிற மாவட்டம் நம்முடையது. சோளமாவுப் பூக்கள் ஐப்பசி ஈரத்தில் தளர்ந்துவிடும். பாலிமர் களிமண் வெந்தபின் சுருங்காது, ஈரத்தையும் பொருட்படுத்தாது.

"ஒன்றுக்குப் பன்னிரண்டு என்கிறீர்களே, அது என்ன கணக்கு?"

உண்மையான பொருளின் அளவைப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். ஓர் அடி ஓர் அங்குலமாகும். பொம்மை வீட்டுக்காரர்கள் உலகமெங்கும் பெரும்பாலும் இந்த அளவையே பின்பற்றுகிறார்கள். இங்கிலாந்தின் மேரி அரசிக்காக எட்வின் லூட்டியன்ஸ் வடிவமைத்து 1924இல் முடிந்த புகழ்பெற்ற பொம்மை மாளிகையும் இதே அளவில் கட்டப்பட்டதுதான். இன்றும் அது விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது.

நம் அடுக்களைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 60 செ.மீ. தலைவாழை இலை 5 செ.மீ. ஆகும். 24 செ.மீ. நேந்திரம்பழம் 2 செ.மீ. 12 செ.மீ. தேங்காய் 1 செ.மீ. 1.8 மீட்டர் கரும்பு 15 செ.மீ. களிமண்ணைத் தொடுவதற்கு முன் உண்மைப் பொருளை நூலால் அளந்து நோட்டில் எழுதுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். என் அம்மா சுடும் ஆப்பம் 17 செ.மீ. அதனால் என் பொம்மை வீட்டு ஆப்பம் 14 மி.மீ. கண் மதிப்பில் செய்பவர்கள் எல்லாரும் பெரிதாகவே செய்துவிடுகிறார்கள். ஒரு பழம் இலையின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

"சேச்சி, எங்கள் வீட்டுக் குடிலில் சூசையப்பர் ஓர் அடி உயரம். பன்னிரண்டால் வகுத்தால் எல்லாம் கடுகு மாதிரி ஆகிவிடுகிறதே?"

ஆமாம், அங்கே பன்னிரண்டு பொருந்தாது. 165 செ.மீ. உயர மனிதர் ஒன்றுக்குப் பன்னிரண்டில் 14 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருப்பார். உங்கள் சூசையப்பர் 30 செ.மீ. என்றால் 165ஐ 30ஆல் வகுங்கள். ஐந்தரை வருகிறது. அந்தக் குடிலுக்கு நீங்கள் வகுக்க வேண்டிய எண் ஐந்தரைதான். வைக்கோல் கட்டு, தண்ணீர்க் குடம், ஆட்டுக்குட்டி எல்லாவற்றுக்கும் அதே எண்.

"முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?"

வெள்ளை இரண்டு பாக்கெட், ஒளி ஊடுருவும் நிறமற்ற வகை ஒன்று, மஞ்சள், சிவப்பு, நீலம், பழுப்பு, கறுப்பு ஒவ்வொன்று. மற்ற நிறங்களைக் கலந்துகொள்ளலாம். நல்ல கூர்மையான பிளேடு ஒன்று, வழவழப்பான தரை ஓடு ஒன்று, சிறிய புட்டியில் திரவ பாலிமர் களிமண், ஓவியர்கள் பயன்படுத்தும் உலர்ந்த வண்ணச் சாக்குக் கட்டிகளில் மஞ்சளும் பழுப்பும். இவற்றை வாங்கித்தான் ஆக வேண்டும்.

மீதிக் கருவிகள் வீட்டிலேயே இருக்கின்றன. தையல் ஊசி, பழைய பல் துலக்கி, தீர்ந்துபோன பேனா, உருட்டுவதற்குக் கண்ணாடிப் புட்டி. கம்பி வலை உள்ள பழைய தேநீர் வடிகட்டி ஒன்றை ஒதுக்கி வையுங்கள். அதன் வழியே களிமண்ணை அழுத்தினால் இடியாப்பம் இழை இழையாக விழும். ஒருமுறை களிமண் தொட்ட எந்தக் கருவியும் மறுபடி அடுக்களைக்குப் போகக்கூடாது.

"பிசையவே முடியவில்லை, உதிர்கிறது" என்று சிலரும் "கையில் ஒட்டி வழிகிறது" என்று சிலரும் சொல்வது

இரண்டுக்கும் காரணம் இளக்கும் திரவத்தின் அளவுதான். பழைய பாக்கெட்டில் அது குறைந்திருக்கும். மெல்லிய சீவல்களாக வெட்டி, உள்ளங்கைச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசையுங்கள். அப்போதும் உதிர்ந்தால் திரவக் களிமண் ஒன்றிரண்டு துளி சேருங்கள். புதிய பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து நிமிடம் பிசைந்துதான் தொடங்க வேண்டும். பிசையாத களிமண் வெந்தபின் விரிசல் விடும்.

நம் பங்குனி, சித்திரை வெக்கையில் பெரும்பாலும் இரண்டாவது தொல்லைதான். களிமண்ணைத் தட்டையாக்கி, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி ஓரிரு மணி நேரம் விடுங்கள். தாள் எண்ணெய்க் கறையோடு வரும், களிமண் இறுகியிருக்கும். நுண்ணிய வேலைகளை நான் விடியற்காலையில் வைத்துக்கொள்கிறேன்.

"எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம்?"

இந்த ஒரு பதிலைச் சரியாகப் பின்பற்றினால் பின்னால் வரும் சங்கடங்களில் பாதி வராது. பாக்கெட்டில் போட்டிருப்பதைப் படியுங்கள். வகைக்கு வகை மாறும். ஃபிமோவுக்கு 110 டிகிரி செல்சியஸ், 30 நிமிடம். ஸ்கல்பி பிரீமோவுக்கு 130 டிகிரி, 6 மி.மீ. கனத்துக்கு 30 நிமிடம். செர்னிட் 110 முதல் 130 வரை, 30 நிமிடம். கேட்டோ 150 டிகிரி கேட்கும்.

அடுப்பின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய வீட்டு மின்னடுப்புகளில் குமிழுக்கும் உள்ளே இருக்கும் உண்மையான சூட்டுக்கும் இருபது, முப்பது டிகிரி வேறுபாடு எளிதாக வந்துவிடும். கம்பி சிவக்கும்போது ஏறும், அணையும்போது இறங்கும். அடுப்புக்குள் வைக்கும் தனி வெப்பமானி ஒன்று வாங்குங்கள். என் கைவேலைச் சாமான்களில் மிகப் பயனுள்ளது எது என்றால் அதைத்தான் காட்டுவேன். களிமண் இல்லாமல் அடுப்பை மட்டும் அரைமணி ஓட்டி, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, குமிழில் அந்த இடத்துக்குப் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள்.

தரை ஓட்டின் மேல் சாதாரண வெள்ளைத் தாள் விரித்து அதன்மேல் பொருள்களை வையுங்கள். ஓட்டில் நேரடியாக வைத்தால் அடிப்பக்கம் பளபளக்கும். மேலே அலுமினியத் தாளைக் கூடாரம் போல் கவிழ்த்தால் கம்பியின் நேர்ச்சூடு படாது. சூடு ஏறி நிலைத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். பொருள் பட்டாணி அளவுதானே என்று பத்து நிமிடத்தில் எடுத்துவிடாதீர்கள். சூடு சரியாக இருக்கும்வரை நேரம் கூடுவதால் கெடுதல் இல்லை, குறைந்தால்தான் கெடும். அடுப்பிலிருந்து எடுத்தவுடன் சற்று வளைவது இயல்பு. ஆறியபின்தான் முழு வலு வரும்.

"எங்களிடம் ஓ.டி.ஜி. இல்லை. இட்லிப் பானையில் வேக வைக்கலாமா? மைக்ரோவேவ்?"

இட்லிப் பானையின் ஆவி 100 டிகிரி. மேலே சொன்ன எந்த வகைக்கும் அது போதாது. வெளியே கெட்டியாகத் தெரியும், உள்ளே மாவாகவே இருக்கும், ஒரு மாதத்தில் உதிரும். மைக்ரோவேவ் கூடவே கூடாது. இரும்புச் சட்டியில் மணல் போட்டு வறுக்கும் யோசனையையும் பலர் கேட்டார்கள். அடிமணல் ஒரு சூடு, மேல்மணல் ஒரு சூடு, எங்கே கருகும் என்று சொல்ல முடியாது.

அடுப்பு இருக்கும் ஒருவர் வீட்டில் நாலு பேர் சேர்ந்து வேக வைப்பதே நல்ல வழி. என் திண்ணையில் அப்படித்தான் நடக்கிறது. சனிக்கிழமை செய்ததை ஒரு தீப்பெட்டியில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள், அடுத்த வாரம் வாங்கிக்கொள்வார்கள்.

"கருகினால் விஷப் புகை வரும் என்கிறார்களே, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் செய்யலாமா?"

செய்யலாம், கவனத்தோடு. பி.வி.சி. அதிகச் சூட்டில் சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் வாயு வெளிவரும். கண்ணும் தொண்டையும் எரியும். சரியான சூட்டில் அது வராது. களிமண் பழுத்துக் கறுத்து, நெடி வீசினால் அடுப்பை அணையுங்கள், அடுப்பின் கதவைத் திறக்காமல் ஆற விடுங்கள், சன்னல்களைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே போங்கள்.

உருட்டுவதும் வெட்டுவதும் பிள்ளைகள் செய்யட்டும். அடுப்பு பெரியவர்கள் கையில் இருக்கட்டும். முடிந்தால் இதற்கென்று தனி அடுப்பு. முடியாவிட்டால் மூடிய அலுமினியத் தட்டுக்குள் வைத்து வேக வையுங்கள், அதே நேரத்தில் உணவை உள்ளே வைக்காதீர்கள். எவ்வளவுதான் ஆப்பம் போல் இருந்தாலும் இது வாயில் வைக்கும் பொருள் அல்ல. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பொம்மை வீடு உயரத்தில் இருக்க வேண்டும். சிறு குழந்தைகள் விளையாட அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகள் இருக்கின்றன.

"ஓணச் சத்யா (விருந்து) இலை செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?"

இலையிலிருந்து. பச்சையில் மஞ்சளும் மிகச் சிறிது பழுப்பும் கலந்து, காகிதம் போல் தேய்த்து, 5 செ.மீ. நீளத்தில் வெட்டுங்கள். நடு நரம்பை ஊசியாலும், பக்க நரம்புகளைப் பிளேடின் விளிம்பாலும் அழுத்துங்கள். வேக வைக்கும்போது ஒரு மூலையின் அடியில் சுருட்டிய தாளைச் செருகினால் இலை இயல்பாகச் சற்று எழும்பி நிற்கும். சாப்பிடுபவரின் இடப்பக்கம் நுனி வர வேண்டும். இதைத் தவறவிட்டால் நம் ஊர்ப் பாட்டிகள் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சோறுதான் இந்த வேலையின் உயிர். வெந்த குத்தரிசியின் பருக்கை 8 மி.மீ. என்று கொண்டால் நமக்கு வேண்டியது முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. வெள்ளையில் ஊசிமுனை அளவு பழுப்புச் சிவப்பு கலந்து, நூல் போல உருட்டி, முதலில் வேக வைத்துவிடுங்கள். ஆறியபின் பிளேடால் பொடிப்பொடியாக நறுக்கி, துளி திரவக் களிமண்ணில் புரட்டி, இலையின் கீழ்ப்பாதியில் குவித்து மறுபடி வேக வையுங்கள். வெந்ததை மீண்டும் அடுப்பில் வைக்கலாமா என்ற கேள்விக்கும் இதுவே பதில். எத்தனை முறையும் வைக்கலாம்.

அவியலுக்குத் தனித்தனி நிறங்களில் மெல்லிய குச்சிகளை வேக வைத்து நறுக்கி, வெளிர் மஞ்சள் திரவக் களிமண்ணில் கலந்து, ஒரு புள்ளி பச்சை கறிவேப்பிலை. பருப்பும் அடப் பிரதமனும் நிறம் சேர்த்த திரவக் களிமண்தான். இஞ்சிப்புளிக்குக் கிட்டத்தட்டக் கறுப்பான பழுப்பு. பப்படத்தின் கொப்புளங்களை உருண்டை முனையுள்ள ஊசியால் அடியிலிருந்து தள்ளி எழுப்பலாம். இடது நுனியில் நேந்திரங்காய் உப்பேரியும் வெல்லம் பூசிய சர்க்கரைவரட்டியும் வைத்துவிட்டால் இலை நிறைந்துவிடும்.

"அத்தப்பூவுக்கு ஒவ்வொரு இதழாகச் செய்வதா? கண் போய்விடாதா?"

வேண்டாம். 1.2 மீட்டர் பூக்களம் 10 செ.மீ. ஆகிறது. அதில் தனி இதழ்கள் தெரிய வேண்டியதில்லை. மஞ்சள், ஆரஞ்சு, வாடாமல்லி ஊதா, தும்பை வெள்ளை, இலைப்பச்சை என்று ஒவ்வொரு நிறத்தையும் மெல்லிய தகடாக வேக வைத்து, பழைய துருவியில் துருவிக்கொள்ளுங்கள். வட்ட அட்டையில் கோலத்தைப் பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு வளையமாகப் பசை தடவி, அந்தந்த நிறத் துருவலைத் தூவுங்கள். நடுவிலிருந்து வெளியே போங்கள். உண்மைப் பூக்களத்தையும் அப்படித்தான் இடுகிறோம்.

தோவாளை மாணிக்கமாலைக்கு வேறு வழி. வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் பச்சை இலையும் மடிந்து மடிந்து, மணி பதித்த பட்டை போலத் தட்டையாக இருக்கும் மாலை அது. நிறங்களைக் குச்சிகளாக உருட்டி, மாலையின் கட்டம் போலவே அடுக்கி, நாலு பக்கமும் அழுத்தி ஒரே நீளத் தண்டாக்கிக்கொள்ளுங்கள். வாழைத்தண்டை எங்கே நறுக்கினாலும் அதே வளையம் தெரிவது போல, இந்தத் தண்டை எங்கே வெட்டினாலும் அதே படம் வரும். இழுத்து மெலிதாக்கினால் படமும் சேர்ந்து சிறுக்கும். வெட்டுவதற்கு முன் குளிர்ப்பெட்டியில் அரைமணி வைத்தால் படம் நசுங்காது. நேந்திரங்காய் வற்றல், எலுமிச்சைத் துண்டு, வெள்ளரி எல்லாம் இதே முறையில் வரும்.

"கிறிஸ்துமஸ் காலை ஆப்பம் என்னிடம் பூரி மாதிரி வருகிறது"

வெள்ளைக் களிமண்ணை மட்டும் பயன்படுத்தியிருப்பீர்கள். ஆப்பத்தின் ஓரம் சல்லடை போல வெளிச்சம் கசியும் இடம். ஒளி ஊடுருவும் வகையை நாலு பங்கும் வெள்ளையை ஒரு பங்கும் கலந்து, ஓரத்தை விரலால் தேய்த்துத் தேய்த்துத் தாளைவிட மெலிதாக்குங்கள். நடுவில் வெள்ளை கூடிய சிறு உருண்டையை அழுத்தி, பல் துலக்கியால் குத்தினால் துளைகள் வரும். வேக வைப்பதற்கு முன் பழுப்புச் சாக்குப் பொடியைத் தூரிகையால் விளிம்பில் மட்டும் தொடுங்கள். ஒரு சிறு எஃகுக் குண்டின் மேல் கவிழ்த்து வேக வைத்தால் குழிவு கிடைக்கும். எஃகாகவே இருக்கட்டும், பிளாஸ்டிக் மணி உருகும்.

முந்திரிக்கொத்து இல்லாமல் நம் பக்கத்துப் பலகாரத் தட்டு கிடையாது. 3 மி.மீ. பழுப்பு உருண்டைகளை மூன்று மூன்றாக ஒட்டி வேக வைத்து, மஞ்சள் நிறத் திரவக் களிமண்ணில் முக்கி எடுத்து மறுபடி வேக வையுங்கள். சற்றுத் தாறுமாறாக வழிய விடுங்கள். உண்மையிலும் மாவு அப்படித்தான் வழிந்து சிறகு போல நிற்கும்.

"குடிலுக்குப் பனி தூவ வேண்டாமா? படங்களில் எல்லாம் பனிதானே?"

உங்கள் விருப்பம். ஆனால் என் குடிலில் பனி இல்லை. கிறிஸ்துமஸ் என்றால் எனக்கு மார்கழிக் குளிர், ஈர மண், பனையோலைக் கூரை, கூரை முனையில் காகித நட்சத்திரம். பனிமனிதனையும் வறுத்த வான்கோழியையும் செய்யக் கற்றுக்கொண்டு வரும் பிள்ளைகளிடம், போன கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டு மேசையில் என்ன இருந்தது என்று கேட்பேன். ஆப்பம், இறைச்சிக் கறி, முறுக்கு, பிளம் கேக் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அதைச் செய்யச் சொல்கிறேன். பார்த்ததைச் செய்யும் கை தயங்குவதில்லை.

60 செ.மீ. நட்சத்திரம் 5 செ.மீ. ஆகும். அதைக் களிமண்ணில் செய்யாதீர்கள், பட்டுத் தாளில் மடியுங்கள். உள்ளே ஒரு சிறு எல்.ஈ.டி. விளக்கு வைக்கலாம்.

"நவராத்திரி யானை செய்தேன். வயிறு வெடித்துவிட்டது, டீச்சர்"

முழுக்கக் களிமண்ணால் செய்திருப்பீர்கள். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் யானை மேல் எழுந்தருள, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் உடன்வர, திருவனந்தபுரத்துக்கு நவராத்திரிக்குப் புறப்படும் ஊர்வலத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு யானை செய்யாமல் இருக்க முடியாது. அதனால் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. 2.7 மீட்டர் யானை நம் அளவில் 22 செ.மீ.க்கு மேல் வரும். அவ்வளவு கனத்தில் வெளிப்பக்கம் வெந்து இறுகும்போது உள்பக்கம் இன்னும் சூடேறி விரிந்துகொண்டிருக்கும். வெடிக்கத்தான் செய்யும்.

அலுமினியத் தாளைக் கசக்கி, சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்கி, யானையின் உடலை முதலில் அதிலேயே செய்துவிடுங்கள். கால்களுக்கும் துதிக்கைக்கும் கம்பி. அதன்மேல் 5 மி.மீ. கனத்தில் களிமண் போர்த்தி, அடியில் காற்றுக் குமிழ் இல்லாமல் தடவி அழுத்துங்கள். களிமண்ணும் மிச்சம், எடையும் குறைவு. பொங்கல் கரும்புக்கும் நடுவில் கம்பி வேண்டும்.

"எவ்வளவு கை கழுவினாலும் வெள்ளை அழுக்காகிவிடுகிறது"

வெள்ளையை முதலில் செய்து முடியுங்கள், சிவப்பைக் கடைசியில் தொடுங்கள். சிவப்புக்குப் பின் சோப்பு மட்டும் போதாது. கையில் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுச் சோப்பு போடுங்கள். பருத்திச் சேலைத் தலைப்பிலிருந்து பறக்கும் பஞ்சும் ஒட்டும். வேக வைக்கும் முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்தால் போய்விடும்.

"மினுமினுப்புக்கு நகப்பூச்சு அடித்தேன், இரண்டு மாதத்தில் பிசுபிசுக்கிறது. டப்பாவும் உருகிவிட்டது!"

இரண்டும் ஒரே கதை. முதல் பதிலில் சொன்ன இளக்கும் திரவம் சில பிளாஸ்டிக்குகளையும் கரைக்கும். நகப்பூச்சில் உள்ள கரைப்பான் களிமண்ணின் மேற்பரப்பை இளக்கிவிடும். பல தெளிப்பான் வார்னிஷ்களும் இதையே செய்யும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் அல்லது பாலியூரித்தேன் வார்னிஷ் பயன்படுத்துங்கள். குழம்பு, பாயசம், கேக்கின் மேற்பூச்சு ஆகியவற்றுக்கு மட்டும் போதும். சோறும் ஆப்பமும் மினுங்கக்கூடாது.

வேகாத களிமண்ணை வைக்கும் டப்பாவின் அடியில் முக்கோணக் குறிக்குள் 5 என்று இருந்தால் நல்லது. 6 என்று இருந்தால் தவிர்த்துவிடுங்கள். வார்னிஷ் அடித்த மர மேசையிலும் வேகாத களிமண்ணை விட்டுவைக்காதீர்கள், தழும்பு விழும். பிசுபிசுத்த பொருளை மீட்பது கடினம், புதிதாகச் செய்துவிடுங்கள்.

"தொட்டால் ஒடிகிறது. மட்டமான களிமண்ணா?"

பெரும்பாலும் வேகாத களிமண். சூடு பற்றிய பதிலை மறுபடி படித்து, வெப்பமானியோடு இன்னும் அரைமணி வைத்துப் பாருங்கள். நன்கு வெந்த மெல்லிய இலை ஒடியாமல் வளையும். ஒடிந்த துண்டைச் சூப்பர் பசையால் ஒட்டலாம். ஆனால் ஒட்டியதை மறுபடி வேக வைத்தால் அந்தப் பசை விட்டுவிடும். அடுப்பில் வைக்கப் போவதாக இருந்தால் திரவக் களிமண்ணால் ஒட்டுங்கள்.

"அளவும் சரி, நிறமும் சரி. ஆனாலும் பிளாஸ்டிக் பொம்மை மாதிரியே இருக்கிறதே, ஏன்?"

நோட்டில் இருக்கும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. இதைக் கேட்பவர் பார்க்கத் தொடங்கிவிட்டார். பாக்கெட்டிலிருந்து எடுத்த நிறத்தை அப்படியே பயன்படுத்தினால் பொம்மையாகத்தான் இருக்கும். எந்த வாழைப்பழமும் ஒரே மஞ்சளில் பழுப்பதில்லை. காம்பருகே பச்சை, முனையில் கறுப்பு, நடுவில் ஒரு பழுப்பு வடு. சாக்குப் பொடியால் இதைச் செய்ய ஒரு நிமிடம் ஆகும்.

அடுத்தது, ஒழுங்கைக் கொஞ்சம் கலையுங்கள். தட்டில் ஐந்து ஆப்பம் அடுக்கியிருந்தால் ஒன்று பிய்த்த பாதியாக இருக்கட்டும். துருவலகின் அடியில் தேங்காய்ப்பூ சிந்தியிருக்கட்டும். பொங்கல் பானையின் கழுத்தில் பால் வழிந்த தடம், அடியில் கரி. வீட்டில் ஆள் இருக்கிறார் என்று அப்போதுதான் தோன்றும்.

"ஓணம், கிறிஸ்துமஸ், பொங்கல் மூன்றையும் ஒரே பொம்மை வீட்டில் வைத்தால் குழப்பமாக இருக்காதா?"

நம் மாவட்டத்துக்கு அது குழப்பமே இல்லை. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்தன. அதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி, அதற்கும் முன் திருவிதாங்கூர். ஓணப்பூக்களமும் பொங்கல் கரும்பும் ஒரே முற்றத்தில் கண்ட வீடுகள் இங்கே எத்தனையோ. பக்கத்து வீட்டு ஆப்பம் நம் வீட்டுக்கும், நம் வீட்டுப் பிரதமன் அவர்கள் வீட்டுக்கும் போகிற தெரு என்னுடையது.

செய்முறையில் மட்டும் ஓர் ஏற்பாடு வேண்டும். வீட்டின் சுவர், அடுப்பு, திண்ணை ஆகியவற்றை நிரந்தரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பண்டிகையையும் தனித்தனி மெல்லிய பலகையில் ஒட்டிவிடுங்கள். முற்றத்துக்கு ஒரு பலகை, சாப்பாட்டுக்கு ஒரு பலகை. காலம் வந்ததும் பலகையை மாற்றினால் வீடும் மாறிவிடும்.

"பண்டிகை முடிந்ததும் அடுத்த ஆண்டு வரை எப்படிப் பத்திரப்படுத்துவது?"

தூசியை மெல்லிய தூரிகையால் தட்டி, பழைய பருத்தித் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வையுங்கள். வெந்தபின்னும் பிளாஸ்டிக் உறையோடு மாதக்கணக்கில் அழுந்தியிருந்தால் ஒட்டிக்கொள்ளக்கூடும். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது. சன்னலோரத்து நேர்வெயிலில் இளஞ்சிவப்பும் ஊதாவும் முதலில் வெளிறும், அதனால் வாடாமல்லி வளையம் உள்ள பூக்களத்தை நிழலில் வையுங்கள்.

பலகைகளின் அடியில் எந்தப் பண்டிகை, எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். ஓணப் பலகையை ஆடி மாதத்திலேயே ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பப்படமோ இலை நுனியோ உடைந்திருந்தால் பூக்களம் தொடங்கும் அத்தம் நாளுக்கு முன் செய்து ஒட்ட நேரம் கிடைக்கும்.